சுவரம்மன் கண்ணீர்

பொன்னேரியில் ஒரு சுவர் அழுதது. கேள்விப்படவில்லையா? அப்படியானால் நீங்கள் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறாதவர். பூவம்மாள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஈரம் பரவி, அது ஒரு பெண்ணின் முகம்போல் ஆகி, கண் இருக்கவேண்டிய இடத்திலிருந்து நீர் வடிந்தது. வேறு ஊராக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். நாம் பக்திமான்கள் அல்லவா? சித்தரைக் கூப்பிட்டார்கள்.

சுவர்ச்சித்தர் துளசிராமன் போன வருஷம்வரை வேப்பம்பட்டில் வாஸ்து மீன் விற்றவர். மீன் செத்தால், "உங்க கஷ்டத்த அது வாங்கிகினு போயிடுச்சு" என்று சொல்லி அடுத்த மீனை விற்பார். அப்பேர்ப்பட்ட ஞானி சுவரைப் பார்த்ததும் கண்ணை மூடினார்.

"சுவரம்மன் வந்துகீறா. மனசு நொந்து அழுவுறா. இந்த ஊட்டுக்குப் புதுசா யாரு வந்தது?"

வந்தவள் பூவம்மாளின் மருமகள் சுமலதா. குணாவைக் கட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தவள். அவள் காலடிதான் சரியில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் அழுகை நிற்காவிட்டால் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டுமாம். பூவம்மாளும் தலையாட்டிவிட்டார்.

அழுகையை நிறுத்தப் பரிகாரமும் உண்டு. வருகிறவர்கள் மாடிக் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு இறங்கி வரவேண்டும். வடியும் கண்ணீரைச் சொம்பில் பிடித்து ஆளுக்கொரு கரண்டி தீர்த்தம் கொடுப்பார் சித்தர். பக்கத்தில் உண்டியல். கூட்டம் பெருகியது. என்ன அதிசயம், கண்ணீரும் பெருகியது!

"உங்க பக்தியப் பாத்து உருகுறா" என்றார் சித்தர். பக்தர்களும் உருகினார்கள்.

சுமலதா மட்டும் உருகவில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொட்டி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு பக்கம் சாயம் தடவி, மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பாள். வேலைக்குக் கிளம்பும்போது கணவனைப் பிடித்தாள்.

"மேல தண்ணி ஊத்துனா கீழ அழுவுது. இதுகூடவா புரில?"

"கம்முனு இரு சுமா. அம்மா காதுல உழுந்தா பேஜாராயிடும்."

"அப்ப என்னை அனுப்பிடுவியா?"

குணா ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். கட்டிக்கொண்டே இருந்தான். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, முதல் பக்தர் குளிக்குமுன் அவள் மாடிக்குப் போனாள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு பாட்டில் முழுக்கக் குளியலறை மூலையில் டைல்ஸ் விரிந்திருந்த இடுக்கில் கவிழ்த்தாள். பக்தர்கள் வந்தார்கள், குளித்தார்கள். கீழே சுவரம்மன் நீலமாக அழுதாள்.

கூட்டம் அலறியது. சித்தருக்கே ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. ஆனால் செத்த மீனையே விற்ற வாயல்லவா?

"நீலகண்டரே வந்துட்டாரு! இந்தப் பொண்ணு வெஷம்னு காட்டுறாரு பாருங்க!"

பூவம்மாள் மருமகளின் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். சுமலதா பெட்டியைத் தொடவில்லை.

"சாமி, அடுத்து இன்னா கலர்ல அழுவும்? நீங்களே சொல்லுங்க."

"தெய்வத்த சோதிக்கக் கூடாதும்மா!"

"அப்ப நான் சொல்றேன். கேசரி கலரு." மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தே, மேல வாங்க. உங்க கையாலயே ஊத்துங்க. அது வரலன்னா நானே பொட்டியத் தூக்கிகினு போயிடுறேன்."

பூவம்மாள் தயங்கினார். ஆனால் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க ஏறிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் ஏறினார். பக்கெட் தண்ணீரில் சுமலதா நீட்டிய கேசரிப் பவுடரைக் கரைத்து, டைல்ஸ் விரிந்திருந்த அதே மூலையில் தம் கையாலேயே ஊற்றினார். மேலும் சில பக்கெட் ஊற்றியதும் கீழே நீலம் வெளுத்தது. பிறகு கல்யாண வீட்டுக் கேசரி நிறத்தில் சுவரம்மன் பொலபொலவென்று அழுதாள்.

தினமும் முதல் வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கும் பரசுராமன்தான் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப… இத்தினி நாளா நாம குடிச்சது?"

"நீங்கல்லாம் குளிச்ச தண்ணி, ஐயா" என்றாள் படியில் இறங்கிவந்த சுமலதா.

சிலர் குழாயடிக்கு ஓடினார்கள். சிலரால் அதுவரை ஓட முடியவில்லை. இந்தக் கலவரத்தில் சித்தர் உண்டியலைத் தூக்கினார். மாடியிலிருந்து இறங்கிய பூவம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சமிருந்த தீர்த்தச் சொம்பை அவர் வாயருகே நீட்டினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போ, சாமி!"

சித்தர் ரயில் நிலையம்வரை ஓடினார்.

பெட்டியைப் பூவம்மாளே உள்ளே எடுத்துவைத்தார். மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் மகனிடம் கத்தினார்: "இன்னாடா நிக்கிற? போய் ஒயிட் சிமென்ட் வாங்கிகினு வா!" டைல்ஸ் இடுக்கை அடைத்துக் காயவிட்டதும் சுவரம்மன் ஒரேயடியாக அழுகையை நிறுத்திக்கொண்டாள். வெள்ளையடித்ததும் முகமும் போய்விட்டது.

உங்கள் வீட்டுச் சுவர் ஒழுகுகிறதா? மாடிக்கு ஏறிப் பாருங்கள், மருமகளை இறக்கிவிடாதீர்கள். யாராவது கையில் தீர்த்தம் ஊற்றினால், குடிக்கத் திறக்கும் அதே வாயால் முதலில் ஒன்று கேளுங்கள்: இது யார் குளித்த தண்ணீர்?