கிற்றாருக்குப் போட்ட ஆனை வெடி

அக்கராயன்

அன்பு மகள் சாரங்காவுக்கு, அப்பா சிற்றம்பலம் எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் மாடுகளும் சுகம். நீயும் மருமகனும் அந்த லண்டன் குளிரில் தடிமன் பிடிக்காமல் இருக்கக் குளக்கட்டுப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.

நிற்க, என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய ரொக் இசைத்தட்டும் அதைப் போடுகிற பெட்டியும் உடையாமல் வந்து சேர்ந்தன. இரண்டையும் திருப்பி அனுப்பப் போகிறேன். கோபிக்காமல் காரணத்தைக் கேள்.

சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அம்மாவுக்குப் பெரிய சத்தம் ஆகாது. திருவிழா வாணவேடிக்கைக்கே வீட்டுக்குள் போய்விடுவார். அதனால் நான் ஃபோன் வயரைக் காதுக்குள் செருகித்தான் ரொக் கேட்டு வந்தேன். அது சீனி போடாத தேத்தண்ணீர்தான், ஆனாலும் அந்த ரொக் பாட்டுக்காரரை எனக்குப் பிடிக்கும், கோபம் வந்தால் கோபமாகவே பாடுவார்கள், மறைக்கத் தெரியாது. இசைத்தட்டில் அவர்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் என்று நீ சொன்னதில் என் புத்தி கெட்டது. சனிக்கிழமை பொழுதுபடும் நேரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பெட்டியை விறாந்தையில் வைத்துச் சத்தத்தை முழுதாகத் திருகினேன். கிற்றார்காரன் ஒரு இழுப்பு இழுத்தான் பார், பக்கத்து வயல் வீரையா, விளைந்த நெல்லுக்குள் ஆனை இறங்கிவிட்டதென்று ஆனை வெடியைக் கொளுத்திப் போட்டார். அதைக் கேட்டு அடுத்த வயற்காரர், அவரைக் கேட்டு அதற்கடுத்தவர் என்று குளக்கட்டு வரைக்கும் வெடி. இல்லாத ஆனையை ஊரே தகரம் தட்டித் துரத்தியது. கடைசி வயற்காரர் இளையதம்பி அதன் வாலைக் கண்டாராம்.

அந்த நேரம் பார்த்து அம்மா படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்து சுவரோடு குந்திவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. பெட்டியை நிறுத்தப் போன என்னைச் சாரத்தில் பிடித்து இழுத்தார்.

“நிப்பாட்டாதேங்கோ. அது பாடட்டும். வெடிச் சத்தம் கேக்காது.”

நானும் பக்கத்தில் குந்தினேன். வெடி ஓயும்வரை என் கையை அவர் விடவில்லை.

பிறகு வீரையா வந்து மன்னிப்புக் கேட்டார். தேத்தண்ணீர் கொடுத்து மற்றப் பக்கத்தையும் போட்டுக் காட்டினேன். முதலில் கத்தியது கொம்பன், இது குட்டியைத் தேடுகிற தாய் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா ஏனோ உன் படத்தைப் பார்த்தார்.

பிள்ளை, அவரை அப்படிச் சுவரோடு கண்டபிறகு எனக்கு இந்தச் சத்தம் வேண்டாம். கிளிநொச்சியில் நடக்கப்போகும் ரொக் நிகழ்ச்சிக்கு நீ எடுத்த இரண்டு ரிக்கற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு. ஆயுளில் ஒரு தடவை நேரில் கேட்க ஆசைதான். ஆனால் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போய்க் கேட்க மனமில்லை.

மருமகனுக்கு எங்கள் அன்பு. உறைக்குள் பிள்ளையாரின் திருநீறு இருக்கிறது, இருவரும் பூசிக்கொள்ளுங்கள்.

அன்புள்ள அப்பா

பி.கு.: உறையை ஒட்ட முதல் அம்மா கடிதத்தை வாங்கி வாசித்தார். பெட்டி எங்கேயும் போகாதாம், அந்த இரண்டு ரிக்கற்றும் எங்கள் இருவருக்கும்தானாம். வீரையாவுக்கும் ஒரு ரிக்கற் எடு, அவர் மடியில் வெடி இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “நேரில பாடேக்க அவையள் நடுவில நிப்பாட்ட மாட்டினம்தானே?” மாட்டார்கள் என்றேன். முன்வரிசையில் இடம் கிடைக்குமா என்று பார், பிள்ளை.