தெருவில் கிடைத்த மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், முழங்கால் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுச்சென்ற உன் நாய் மாப்பிள்ளையும் நலம். உன் முழங்காலின் நலமறிய ஆவல். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த விஷயத்தை உன் காதில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால்தான்.

நீ போன பத்தாம் நாள் மாப்பிள்ளை குரைக்க ஆரம்பித்தான். காலையில் குரைத்தான், மத்தியானம் குரைத்தான், சோற்றைப் பார்த்துக் குரைத்தான், தட்டைக் கவிழ்த்துவிட்டு அதற்கும் குரைத்தான். மாடி வீட்டு வயலின் டீச்சர் இறங்கி வந்து, "சார், நான் பாடம் எடுக்கட்டுமா, வீட்டைக் காலி பண்ணட்டுமா, ஒண்ணு சொல்லிடுங்க" என்றார். முப்பது வருஷம் ரயில்வே விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொன்ன நான் அந்த அம்மாவிடம், "விசாரிச்சுச் சொல்றேங்க" என்றேன். மறுநாளே மாப்பிள்ளையை டாக்ஸியில் ஏற்றி நகராட்சி விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே போய், அக்கா, வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். "தெருவில கிடைச்ச நாய்ங்க. யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க."

கவுண்டரில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "தெருவில கிடைச்சது உங்க செருப்பு மேலயே உக்காந்திருக்கே?"

"சாதுவான நாய் போல."

"கழுத்துப் பட்டை?"

"அதுவும் சேர்த்துத்தான் கிடைச்சதுங்க."

அவர் ஒரு சின்ன மெஷினை மாப்பிள்ளையின் பிடரியில் வைத்தார். அது கீச்சென்றது. "தோலுக்கடியில சிப் இருக்கு சார், வளர்க்கிறவங்க போன் நம்பர் அதுல தெரிஞ்சிடும். ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனவர் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பினார். "இன்னொரு நம்பரும் குடுத்திருக்காங்க" என்றபடி என் கண்ணெதிரிலேயே போனை அழுத்தினார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. நான் சுவரைப் பார்த்தேன். பூனைக்கூடையோடு பெஞ்சில் இருந்த ஒருவர், "சார், உங்க போன்தான்" என்று உதவி செய்தார். வேறு வழியில்லாமல் எடுத்து, "ராங் நம்பர்" என்றேன். மூன்றடி தூரத்திலிருந்து அந்த அம்மா போனிலேயே சொன்னார்: "பரவால்ல சார், உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

திட்டியிருந்தால் தேவலை. "என்ன கஷ்டம்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காப்பகத்துக்குத் துணையாக ஒரு ஆர்வலர் சங்கம் இருக்கிறதாம். வளர்த்த வீட்டிலேயே நாய் இருக்க வழி செய்தால், வீடே இல்லாத ஒன்றுக்கு இங்கே ஒரு கூண்டு மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கே சங்கத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் உடைந்து, ஈறு சீழ் பிடித்திருந்தது.

"எத்தனை நாளா சரியா சாப்பிடல?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா. வலிக்குது வலிக்குதுன்னு அவன் என்கிட்டதான் சொல்லிட்டு இருந்திருக்கான். நான் வாயை மூடுடான்னு அதட்டிட்டு இருந்தேன். சங்கத்து டாக்டர் மறுநாள் பல்லைப் பிடுங்கினார். அதோடு வீடு அமைதியானது. நாய் உயிரோடு இருக்கிறதா என்று வயலின் டீச்சரே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது சனிக்கிழமைதோறும் காப்பகத்துக்குப் போய் நாய்த்தட்டுகளைக் கழுவுகிறேன். யாரும் கேட்கவில்லை. கூண்டுகளில் இருப்பவர்களை நிமிர்ந்து பார்க்க முகமில்லாததால், குனிந்தே கழுவுகிறேன். தட்டு நன்றாகப் பளபளக்கிறது.

உன் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். உனக்கு என் வணக்கமும் தலைகுனிவும்.

இப்படிக்கு,
மன்னிப்பு கேட்கும் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. காப்பகத்தில் அந்தக் கவுண்டர் அம்மாவிடம், "அக்காவுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேங்க" என்றேன். "அப்ப இனிமே நானும் சொல்லலாம்" என்றார் அவர். "முதல் நம்பர் அவங்களோடதுதானே சார். அன்னிக்கு உள்ள போய் அவங்ககிட்டதான் பேசினேன். 'அது என் தம்பிதான், ரொம்பக் கூச்சப்படுவான், நான் பேசினதா சொல்லாதீங்க. அவன் நம்பருக்கு அடிங்க, எடுக்கிறானான்னு பாப்போம்'னாங்க. அப்புறம் பல்லு பிடுங்கினது, நீங்க தட்டு கழுவுறது எல்லாம் அவங்களுக்கு அப்பப்ப சொல்லிட்டுத்தான் இருக்கேன்." ஆக, ஐந்து வாரமாக உனக்கு எல்லாம் தெரியும். இந்தக் கடிதத்தில் உனக்குப் புதுச் செய்தி வயலின் டீச்சர் மட்டும்தான். ஐந்து ஞாயிறும் 'நீ சாப்ட்டியாடா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாயே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறாவது திட்டிவிடு, அக்கா. காத்திருக்கிறேன்.