என் பேரில் ஒரு நல்ல டாக்டர்

இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒரு வீடியோ எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒன்று அந்தக் கேமரா இருக்கணும், இல்லை நான் இருக்கணும். கிளினிக்கிலிருந்து வீடு வரைக்கும் இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். காருக்குள் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. வசனம் பிரமாதமாக வந்தது.

பின்னே என்ன? நான் சிவசண்முகம். பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர். ஜில்லாவில் பாதிப் பேர் முழங்காலை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தச்சநல்லூரிலிருந்து வத்தல் மண்டி அண்ணாச்சி ஒருத்தர் முட்டுவலி என்று வந்தார். ஊசி போடணும் என்றேன். மனுஷன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஊசி வேண்டாம் டாக்டர். அம்மா வீடியோவுல வேற மாதிரில்லா சொல்லுதாவ."

"எந்த அம்மா?"

"ஒங்க வீட்டம்மாதான். மொதல்ல தொடைக்குப் பயிற்சி, பொறவுதான் ஊசின்னாவ. வீட்ல கலந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்க. நான் பைய வாரேன்."

வீட்டில் கலந்து பேசணுமாம்! என் கிளினிக்கில், என் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொல்கிறார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

வீட்டம்மா பெயர் பிரம்மநாயகி. பிசியோதெரபிஸ்ட். 'முட்டுக்கு ஒரு நிமிஷம்' என்று போனில் ஏதோ ஆரம்பித்தாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது சாயங்காலம் ஆனால் என் வீட்டு ஹால் எனக்கு இல்லை. ஃபேனை நிறுத்தணும். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. நான் தும்மக் கூடாது. ஒரு நாள் அடக்க முடியாமல் தும்மிவிட்டேன். 'பின்னால் தும்மியது யார்? ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்' என்று வீடியோவுக்குக் கீழே ஊரே எழுதிவிட்டது. நான் படித்த படிப்புக்குக் கிடைக்காத அக்கறை என் தும்மலுக்குக் கிடைத்தது!

வசனத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பயந்து போனேன் என்று நினைக்காதீர்கள். யோசிக்கப் போனேன். அங்கேதான் அந்த யோசனை வந்தது.

எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். அதற்கு இத்தனை மணி நேரம் தொடர்கல்வி படித்தேன் என்று காட்டணும். காட்டாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் கிளினிக் போர்டைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஃபேனை நிறுத்துகிற வேலையை முழுநேரமாகப் பார்க்க வேண்டியதுதான். கடைசி மாசம் வரைக்கும் விட்டுவிட்டு, அடித்துப் பிடித்து ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். தினமும் சாயங்காலம். கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டுக் கட்டையைச் சாய்க்கலாம் என்று பார்த்தால், பாவிப்பயல்கள், நடுநடுவே 'இருக்கிறீர்களா?' என்று ஒரு பெட்டியை அனுப்புகிறார்கள். பொத்தானை அமுக்காவிட்டால் அன்றைய வகுப்பு கணக்கில் கிடையாது. தலை நரைத்த டாக்டரைப் பார்த்து இருக்கியா, இருக்கியா என்று கேட்கிறது ஒரு சவத்துக் கம்ப்யூட்டர்!

எனக்கும் சாயங்காலம் வகுப்பு. அவளுக்கும் சாயங்காலம் வீடியோ. அவளைப் பிடித்து என் வகுப்பில் உட்கார வைத்துவிட்டால்? வீடியோவும் நின்றது, என் பதிவும் தப்பித்தது. எனக்கே என்னைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது.

"ஏ பிரம்மு, எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணுமே."

"என்ன, கொரலு குழையுது? எதப் போட்டு ஒடச்சிய?"

"ஒண்ணும் ஒடைக்கல. என் வகுப்புல எனக்குப் பதிலா நீ உக்காரணும். ஒரு மாசந்தான்."

"ஒங்க வகுப்புல நான் எப்படிங்க உக்கார?"

"மூஞ்சி தெரியாது, பேரு மட்டுந்தான் தெரியும். பொத்தான அமுக்குனாப் போதும்."

"யாரும் ஏதாவது கேட்டா?"

"பக்கத்துல எழுதுறதுக்கு எடம் இருக்கும். ஒனக்குத் தோணுனத எழுதி விடு. அதப் போயி எவன் வாசிக்கான்?"

"ஒங்க பேர்ல, எனக்குத் தோணுனத எழுதலாமா? நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா?"

"எழுது தாயி, எழுது!"

"சரிங்க."

கல்யாணம் ஆன நாள் முதல் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே நான் நடுங்கியிருக்கணும். நடுங்கவில்லை. சிரித்தேன், மடப்பயல்.

அந்த மாசம் போல ஒரு மாசம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. இஷ்டத்துக்குத் தும்மினேன். உள்ளறையில் படுத்துக்கொண்டு, மலைப்பாம்பு ஆட்டை முழுங்குவது, ஜேசிபி கிணற்றுக்குள் விழுவது என்று போனில் வரிசையாகப் பார்த்துத் தள்ளினேன். நான் பார்ப்பது பொது அறிவு. அவள் எடுப்பதுதான் சமூக ஊடகம். இந்த வித்தியாசம் அவளுக்கு விளங்காது.

ஹாலிலிருந்து அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சில சமயம் சிரிப்பும்.

"எலும்புத் தேய்மானத்துல என்ன சிரிப்பு?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"ஒண்ணுமில்லங்க. டாக்டர்மாரு எல்லாரும் பேசிக்கிட்டிருக்கோம்."

கடைசி வாரத்தில் வகுப்பு நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள்.

"வாழ்த்துகள் சார்! ஞாயித்துக்கிழமை கடைசி வகுப்பு, 'மருத்துவர்களும் சமூக ஊடகமும்'. நிறைவுரை நீங்கதான். எல்லாரும் ஓட்டுப் போட்டு உங்களைத்தான் கேட்டிருக்காங்க. கேமரா முன்னால நேரடியாப் பேசணும் சார்."

"நானா? எதுக்கு?"

"நீங்க எழுதினதையெல்லாம் வாசிச்சு நானே அழுதுட்டேன் சார்."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் பெயர் வரிசையாக நின்றது.

'டாக்டர் சிவசண்முகம்: ஊசியைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இருந்தவன் நான். என் மனைவியின் வீடியோக்கள்தான் என் கண்ணைத் திறந்தன.'

'டாக்டர் சிவசண்முகம்: நான் படுக்கையில் மலைப்பாம்பு பார்க்கிற நேரத்தில் அவள் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.'

'டாக்டர் சிவசண்முகம்: மனைவி வீடியோ எடுக்கும்போது ஃபேனை நிறுத்துவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை.'

இதற்குக் கீழே என் சிநேகிதன், மேலப்பாளையம் குழந்தை டாக்டர் ஹபீப் முகம்மது எழுதியிருந்தான்: 'முற்றிலும் உண்மை. இரவு பாத்திரத்தையும் நாமே கழுவ வேண்டும்.' அதற்கு அத்தனை டாக்டர்களும் கைதட்டியிருந்தார்கள்.

திரையைக் காட்டி அவளைக் கூப்பிட்டேன்.

"ஏளா! என்னளா எழுதி வச்சிருக்க?"

"எனக்குத் தோணுனத எழுதச் சொன்னிய. எழுதுனேன்."

"என் மானம் மரியாதையெல்லாம் போச்சு!"

"எங்க போச்சு? இப்படி ஒரு டாக்டரப் பாத்ததே இல்லைன்னுல்லா எல்லாரும் எழுதிருக்காவ. ஒங்க ஆயுசுல இம்புட்டு நல்ல பேரு எப்ப வாங்குனிய?"

அவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை. ஹபீபுக்கு போன் போட்டேன்.

"வே, எனக்கு எதுக்கு வே ஓட்டுப் போட்டீரு? பாத்திரம் கழுவணும்னு வேற எழுதிருக்கீரு, ஒமக்கென்ன கிறுக்கா?"

"நான் எங்க வே எழுதுனேன்? அந்த வகுப்புல எம் பொஞ்சாதி மைதீன் பாத்திமால்லா உக்காருதா!"

"ஒம்ம வீட்லயுமா?"

"எல்லா வீட்லயுந்தான் வே. அங்கன ஒரு டாக்டரும் கெடையாது. பூராம் டாக்டர் பொஞ்சாதிமாரு."

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் உள்ளதச் சொல்லிருதேன். நான் எழுதல, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு."

"தாராளமாச் சொல்லும். வகுப்புக்கே வரலைன்னு ஒம்ம பதிவு போவும். தோண்டித் துருவி எங்க எல்லார் பதிவையும் சேத்துப் பிடுங்குவான். அதுக்குப் பொறவு நீரு இந்த ஊருக்குள்ள எப்படி நடமாடுதீருன்னு நாங்க பாக்கோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றாள். ஃபேனை அவள் நிறுத்தச் சொல்லவில்லை. நானே நிறுத்தினேன்.

அந்தப் பெண் நான் எழுதியதாக இருந்ததையெல்லாம் உருக்கமாக வாசித்தாள். எனக்குள் கொதித்தது. இதெல்லாம் பொய், வீடியோ போடுகிற கூட்டத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன்.

"இதெல்லாம் நீங்க எழுதினதுதானே சார்?" என்றாள்.

இல்லை என்றால் பதிவு போச்சு. கிளினிக் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

"உங்க மனைவி வீடியோ இன்னும் நல்லா வரணும்னு நினைக்கிறீங்களா சார்?"

"ஆமா."

"அப்போ நீங்களும் அதுல வருவீங்களா?"

திரையில் டாக்டர்கள் அத்தனை பேரும் வரணும், வரணும் என்று எழுதித் தள்ளினார்கள். முதல் ஆள் டாக்டர் ஹபீப் முகம்மது. நான் பிரம்முவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"வருவேன்" என்றேன்.

பதிவு புதுப்பித்து வந்துவிட்டது. அது வந்த அன்றைக்குச் சாயங்காலமே ஹாலில் பத்தமடைப் பாயை விரித்து என்னைப் படுக்க வைத்துவிட்டாள். காலைத் தூக்குங்க என்றால் தூக்கணும், இறக்குங்க என்றால் இறக்கணும். பேசக் கூடாது. எலும்பு படித்த டாக்டர், என் வீட்டுத் தரையில், ஊரே பார்க்க, மல்லாக்கக் கிடந்து காலை ஆட்டினேன். நாலு நாளில் எனக்குத் தெரிந்த, தெரியாத அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

கோபத்தில் நானும் போனைத் திறந்து, கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் கிளினிக்கிலிருந்து எழுந்து போன அந்த வத்தல் மண்டி அண்ணாச்சி எழுதியிருந்தார்: 'அம்மா, விளக்கம் அருமை. பாயில் படுத்திருக்கும் நோயாளிக்கு இப்போது எப்படி இருக்கிறது?'

பிரம்மு பதில் போட்டிருந்தாள்: 'இப்போ ரொம்பத் தேவலை. சொன்னபடி கேக்காவ.'