பெருவிரல் பார்த்த பக்கம்

கூடைப்பந்து மூன்றாம் முறையாக வளையத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, சூப்பிரண்டின் ஸ்கூட்டர் மேல் போய் விழுந்தது.

“எந்தா பிச்சுமணி! கால் பெருவிரல் எங்க பாக்குது?” என்று கோச் யோசுவா கத்தினார்.

“வளையத்தைத்தான் சார்.”

பச்சைப் பொய். வலியசாலைக் குமாஸ்தா பிச்சுமணியின் பாதங்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பி, பக்கத்து ஆடுகளத்தைப் பார்த்து நின்றன. அங்கே ஆபீஸ் பெண்கள் அணியில் டைப்பிஸ்ட் ஷிஜா பந்து எறிந்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவளிடம் அவன் பேசியது குட்மார்னிங் மட்டும்தான். அதிலும் பாதி நாள், அவள் கடந்து போன பிறகு. அடுத்த மாதம் அவளுக்குக் கண்ணூருக்கு மாற்றல். நாளை இரு அணிகளும் ஒரே ரயிலில் கோழிக்கோட்டுப் போட்டிக்குப் போகின்றன. பத்துக்கு ஆறு பந்து போட்டால்தான் யாருக்கும் அதில் இடம்.

யோசுவா செம்மண் தரையில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு பாதம் வரைந்து, வலது பாதத்தைச் சற்று முன்னால் வைத்தார். “முட்டு, முழங்கை, எல்லாம் ஒரே நேர்கோட்டுல வரணும், கேட்டோ!”

பாதம் நேரானது. இடுப்பு திரும்பிக்கொண்டது. பந்து தென்னையில் மோதியது.

“பிரபின், இவன் இடுப்பைப் பிடிச்சுக்கோ!” என்று அணியில் இன்னொருவனை ஏவினார்.

இடுப்பு நின்றது. கழுத்து திரும்பியது. பந்து பிரபின் மண்டையில் இறங்கியது.

கடைசியில் யோசுவா இரண்டு ஃபைல் அட்டைகளை அவன் முகத்தின் இருபுறமும் வைத்து, ஜட்கா குதிரைக்குக் கட்டுவதுபோல் கட்டிவிட்டார். இப்போது வளையம் மட்டும்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் களத்தில் ஷிஜா சிரித்தாள். அட்டை, கழுத்து, இடுப்பு, பாதம் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

பத்துக்கு ஒன்று.

மறுநாள் லீவு போட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். சாயங்காலம், ரயில் கிளம்பிய பிறகு, மனசு கேட்காமல் மைதானத்துக்குப் போனான். சுண்ணாம்புப் பாதங்களில் ஏறி நின்றான். ஆளில்லாத அந்தக் களத்தைத்தான் கால்கள் பார்த்தன. இந்நேரம் கொல்லம் தாண்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

மைதானம் பெருக்கும் செல்லபாய் துடைப்பத்தோடு வந்தாள்.

“என்ன சாரே, போகல்லியா?”

“கால் நேரா நிக்கமாட்டேங்கறதே, செல்லபாய்.”

அவள் பக்கத்துக் களத்தைத் துடைப்பத்தால் காட்டினாள்.

“டைப்பிஸ்ட் பிள்ளையும் போகல்ல சாரே. ஒரு மாசமா தூத்து வாரது நான்தானே, அதுக்க கால்தடமும் அம்புட்டும் இந்தப் பக்கம் பாத்துல்லா கெடக்கு!”