எல்லாவற்றுக்கும் ஓம் போட்ட போன்

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்கள் ஹோன் அடித்திருக்கின்றன. எங்கள் ஓர்ஸ் ஹில் ஒழுங்கைக் கிரேன்காரரின் தொண்டைக்கு ஒன்றும் ஈடில்லை. கிரேன் உச்சியிலிருந்து முப்பது வருடம் கத்திப் பழகிய தொண்டை. பென்சனுக்குப் பிறகு கத்த ஆள் வேண்டுமே? பக்கத்து வீட்டில் நான் இருந்தேன்.

"அக்கா! உங்கட கோழி என்ர கத்தரிக் கண்டைக் கிளறிப்போட்டுது! இது கோழியோ, புல்டோசரோ?"

காலை ஏழு மணிக்கு வேலியில் தொடங்கும். நான் வாய் திறக்காதவள். தலையை மட்டும் ஆட்டுவேன். ஒன்பது மணிக்கு அவரே சமாதானமாகி, கறிக்குப் புளிவிடச் சொல்லி வேலிக்கு மேலால் இரண்டு தேசிக்காய் நீட்டுவார்.

பிறகு கட்டாரில் இருக்கும் அவருடைய மகன் அவர் போனில் ஒரு பேசும் ஏஐ துணையைப் போட்டுக் கொடுத்தான். மனுசர் மனசை அறிந்து கதைக்குமாம். இவருக்குக் காது மந்தம் என்பதால் அதன் ஆறுதல் ஒழுங்கை முழுவதற்கும் கிடைத்தது. "உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்!" என்று உருகும். தேத்தண்ணியில் சீனி குறைந்ததற்கும் அதே உருக்கம்தான்.

ஒரு நாள் என் கோழி அவருடைய கத்தரிப் பாத்தி முழுவதையும் கிளறியது. அவர் கத்தாமல் கதிரையில் இருந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்தது.

அந்த நேரம்தான் கிளிவெட்டியில் அவருடைய தங்கச்சி மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழில் தாய்மாமன் இவர் பெயர் மூன்றாவதாம். முந்தி என்றால் கத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருப்பார். இப்போது போன் அவர் கோபத்தைப் பிளாஸ்க்கில் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி ஆறவே விடவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கத் தங்கச்சி வந்து நின்றாள்.

"தாய்மாமன் வராட்டி மணவறைக்கு வரமாட்டன் எண்டு பிள்ளை அழுறாள். வாங்கோ அண்ணா."

"ஏலாது. என்ர பக்கம் நியாயம் எண்டு இந்தப் போனே சொல்லுது."

"தாங்கோ, நானும் கதைக்கிறன்." போனைப் பறித்து, அழுதழுது எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உங்கள் பக்கம்தான் நியாயம், சகோதரி," என்றது போன். "அண்ணன் உங்களைப் புண்படுத்திவிட்டார்."

கிரேன்காரர் துள்ளி எழும்பினார். "அடேய்! விடிய எனக்கெல்லோ நியாயம் எண்டனீ!"

"உங்கள் கோபமும் நியாயமானதே."

தங்கச்சிக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "கலியாணத் தரகர் மாதிரியெல்லோ அண்ணா! ரெண்டு வீட்டிலயும் ஓம் போடுது."

அவர் போனை ஏசினார். அது மன்னிப்புக் கேட்டது. இன்னும் ஏசினார். இன்னும் மன்னிப்பு.

"சீ, சண்டை பிடிக்கவும் தெரியாத சாமான்!" அலுமாரிக்குள் எறிந்துவிட்டு, பட்டு வேட்டியை எடுத்துக்கொண்டு தங்கச்சியோடு பஸ் ஏறினார்.

கலியாணம் முடிந்து வந்த மறுநாள், ஏழு மணிக்கு வேலியில் அதே கத்தல். அந்தப் போன் மாதிரி நானும் தலையாட்டியே காலம் கழித்தவள் என்று அப்போதுதான் உறைத்தது.

"வேலியை ஒழுங்காக் கட்டுங்கோவன்!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே புதிது.

அன்றைக்கு நாலு தேசிக்காய் வந்தது. கோழிக்கூட்டின் வாசலை இப்போது அவருடைய கத்தரிப் பாத்திப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.