பாறைக்கு அறுபது நாள் அவகாசம்

கடல்வாழ் உயிரினங்களைக் காப்பாற்றுவது என்று அந்த அலுவலகம் ஒரு வியாழக்கிழமை காலையில் தீர்மானித்தது. நான்கு மணிக்குள் காப்பாற்றியாக வேண்டும். இயக்குநருக்கு ஆறரைக்கு விமானம். வெளிநாட்டு மாநாட்டில் ஆளுக்கொரு கடல் பாதுகாப்புப் பகுதியைக் காட்டப்போகிறார்களாம். இவர் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு போக முடியுமா?

"எங்கயாவது ஒண்ணு போடுய்யா. பார்க்க லட்சணமா இருந்தா போதும்," என்றார் படவரைவாளரிடம்.

படவரைவாளர் இருபத்திரண்டு வருஷமாக அந்த மூலை மேஜையில் கோடு போட்டே குடும்பம் நடத்துகிறவர். கடல் வரைபடத்தை விரித்தார். காம்பஸ் இல்லை, கேட்டு எழுதிய கடிதம் இன்னும் பரிசீலனையில் இருந்தது. குடித்து முடித்த டீ தம்ளரைக் கவிழ்த்து வைத்து, பென்சிலைச் சுற்றிவர ஓட்டினார். மூன்று ஐம்பதுக்குக் கடல் காப்பாற்றப்பட்டது.

மாநாட்டில் அந்த வட்டத்துக்கு ஏகப்பட்ட கைதட்டல். பிறகு அலுவலகத்தையே நீலம் பிடித்து ஆட்டியது. கோப்புகளுக்கு நீல அட்டை, வெள்ளிக்கிழமை நீலச் சட்டை, இயக்குநர் கழுத்தில் டால்பின் போட்ட டை. பாவம், அந்த டால்பின் மட்டும்தான் அவர் நேரில் பார்த்த கடல்வாழ் உயிரினம்.

மூன்றாம் வருஷம், ஒற்றைப் படகு வைத்துத் தொழில் செய்யும் ஒரு அம்மா மனுவோடு வந்தார்.

"சார், உங்க வட்டத்துக்குள்ள வெறும் மணல்தான் இருக்கு. அங்க நாங்க வலையே போடுறதில்ல."

"அதனாலதாம்மா மூணு வருஷமா ஒரு விதிமீறல்கூட இல்ல," என்றார் இயக்குநர் பூரிப்போடு.

"மீன் முட்டை போடுற பாறை வெளிய கிடக்குது சார். நாலஞ்சு படகுங்க மோப்பம் பிடிச்சு வந்துடுச்சு. அந்தப் பாறையும் போச்சுன்னா அப்புறம் நாங்க வலைய மடிச்சு வெச்சிட்டு உட்கார வேண்டியதுதான்."

இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். "பாறையைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட முடியுமா?"

"அது என்ன சோபாவா சார்?"

எனவே மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது. வட்டத்தை நோக்கி அம்புக்குறி போட்ட பலகை ஒன்று பாறைக்கு மேலே மிதக்கவிடப்பட்டது. மீன்கள் போதிய ஒத்துழைப்பு நல்கவில்லை என்று கோப்பில் பதிவாயிற்று.

படவரைவாளருக்குச் சோறு இறங்கவில்லை. தம்ளரை ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்தால் பாறை உள்ளே வந்திருக்கும். வெட்கமாக இருந்தது. ஒருநாள் துணிந்து இயக்குநர் அறைக்குள் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தம்ளர்னு வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"நல்லது. இந்த வருஷ மாநாட்டுல எல்லாரும் விரிவாக்கம் காட்டுறாங்க. இன்னொரு தம்ளர் வைய்யா. அந்தப் பாறை மேலேயே வை."

படவரைவாளர் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். படகுக்கார அம்மா செய்தி கேட்டுக் கண் கலங்கிக் கும்பிட்டார்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. புதிய பகுதியை அறிவிக்கும் முன், ஆட்சேபணை தெரிவிக்கப் பொதுமக்களுக்கு அறுபது நாள் அவகாசம் தர வேண்டும். பாறை இருக்கும் இடம், ஆழம், அங்கே கூடும் மீன் வகைகள், கூடும் மாதங்கள் எல்லாம் வரைபடத்தோடு எல்லாப் பத்திரிகைகளிலும் வெளியாயின. மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கும் அரசுச் செலவில் தெரிவிக்கப்பட்டது.

அறுபது நாளில் ஓர் ஆட்சேபணைகூட வரவில்லை. எழுத யாருக்கு நேரம்? அத்தனை பேரும் கடலில் இருந்தார்கள்.

அறுபத்தோராம் நாள் இயக்குநர் பாறைக்கு மேலே நீலக் கொடி நட்ட மிதவையை இறக்கினார். படவரைவாளர் படகுக்கார அம்மாவின் படகில் நின்று, குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். கீழே பாறை மொட்டையாக இருந்தது. ஒரு குஞ்சுகூட ஓடவில்லை.

"என்னம்மா இது?"

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எல்லாரும் அள்ளுறாங்க சார். நான் ஒருத்தி விட்டு வெச்சா மட்டும் மிஞ்சிடுமா? கடைசி பத்து நாள் நானும்தான் போட்டேன்."

படவரைவாளருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தார். இரண்டு மாதமாக வீட்டில் மூன்று வேளையும் மீன் என்பதும், மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கை வீட்டுக்கும் இரண்டு கூடை அனுப்பியதும் ஞாபகத்துக்கு வர, மூடிக்கொண்டார்.

மிதவைக்குப் பக்கத்தில் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த மகத்தான வெற்றியைத் தொடர்ந்து, வடக்கே உள்ள பெரிய பாறையும் பாதுகாக்கப்படும். அறிவிப்பு திங்கட்கிழமை வெளியாகும்!"

படகுகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே எல்லோரும் வடக்கே பார்த்தார்கள்.

படவரைவாளர் கரையேறியதும் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நம்ம ஃபிரிட்ஜ் சின்னதுன்னு சொல்லிட்டே இருந்தியே. ஞாயித்துக்கிழமைக்குள்ள பெருசா ஒண்ணு வாங்கிடலாமா?"