இன்னும் நல்ல ரப்பர்

காரியம் செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். காரியத்தைக் கெடுக்கிறவர்களையும் தெரியும். காரியத்துக்கு வேண்டிய சாமானைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அதில் அசல் சரக்கைப் பார்க்க ஆசையா? எழுபத்திரண்டாம் வருஷத்துப் புதுவாயலுக்கு வாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும், அப்பாவுவின் சைக்கிள் கடை வாசலில் கிழிந்த டியூபை மூக்கருகே வைத்து மோந்துகொண்டிருப்பவருக்கு ஒரு வணக்கம் போடுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருக்கும் செங்கல்வராயன் அவர்தான்.

அவருக்கு ஒன்றும் அவசரமில்லை. அவசரமெல்லாம் அவர் மனைவி கன்னியம்மாவுக்கு. அரைக் காணியில் கம்பு விதைத்திருந்தாள். அது வீடு வந்து சேர்ந்தால் அடுத்த ஆடி வரை கூழுக்குக் கவலையில்லை. கதிரில் பால் பிடித்ததும் சோழவரம் ஏரிப்பக்கத்துக் கிளிகள் எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிட்டன. அவள் பாட்டுக்குப் பழைய டால்டா டின்னைத் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். விட்டாரா மனுஷன்?

"இன்னாமே, சின்னப் புள்ளையாட்டம் டின்னு தட்டிக்கினு? துப்பாக்கி செய்யப் போறேன். நாலு கிளி வுழுந்தா மீதி ஆந்திராவுக்கே ஓடிப்பூடும். நீ வெரட்டி வுட்டா நான் எத்த சுடறது?"

டின்னைப் பிடுங்கிப் பரணில் போட்டார்.

துப்பாக்கி என்றதும் பயப்படாதீர்கள். உண்டிகோலை ஒரு மரக்கட்டையின் நுனியில் பொருத்தி, ரப்பரைப் பின்னுக்கு இழுத்துக் கொக்கியில் மாட்டி, விசையைத் தட்டினால் குண்டு பறக்கும். அவ்வளவுதான் சங்கதி. கட்டையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இழைத்துவிட்டார். விசைக்கு சைக்கிள் பிரேக். பாக்கி ரப்பர் மட்டும்.

சைக்கிள் டியூபில் இழுவை போதாது. லாரி டியூப் தோளை உதைக்கும். சிவப்பு டியூப் நல்லதுதான், வெயிலில் வெடித்துவிடுமோ என்று சந்தேகம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் மஞ்சள் குழாய் பட்டுப்போல வரும், கம்பவுண்டர் ஒரு முழத்துக்கு மேல் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார். சோழவரம் கார் ரேஸில் கிழித்தெறியும் டியூப் கிடைத்தால் அதற்குமேல் பேச்சே கிடையாது, ரேஸுக்கோ இன்னும் நாலு மாசம் இருக்கிறது. கிடைத்த ரப்பரையெல்லாம் பட்டை பட்டையாக வெட்டி வாசல் நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, நுனியில் எடைக்கல்லைக் கட்டி, எத்தனை விரற்கடை இறங்குகிறது என்று ராப்பகலாக அளந்தார். வீட்டுக்குள் போகிறவர்கள் குனிந்துதான் போகவேண்டியிருந்தது.

அப்பாவுவே பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "நைனா, கண்ண மூடிக்கினு ஒண்ண எடுத்துக் கட்டு. கிளி இன்னா ஐ.எஸ்.ஐ. முத்திரை பாத்துட்டா சாவப் போவுது?"

செங்கல்வராயன் இரக்கத்தோடு சிரித்தார். "ஒனக்கு டியூப் தெரியும் அப்பாவு. இழுவை தெரியாது."

கன்னியம்மாவும் கேட்டுப் பார்த்தாள். "யோவ், கிளிங்க காத்தாலயே வந்து குந்திக்கினு நாஷ்டா துன்னுதுய்யா. இன்னிக்காவது கட்டுவியா, இல்ல டின்ன எடுக்கட்டுமா?"

"பேஜாரு பண்ணாதமே. பயம் தெளிஞ்சி கிட்ட வரட்டும். அப்பத்தான் குறி வைக்க தோதா இருக்கும்."

கிட்ட வந்தன. சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தன.

ஒருவழியாகச் சிவப்பு டியூப் தேறியது. அன்றே கட்டியிருக்கலாம். ஆனால் அசைகிற எதையும் எண்ணெய் போடாமல் விடுவது பிட்டருக்குப் பெரும் பாவம். ரப்பரும் அசைகிறதே! மிஷின் ஆயிலில் எட்டு நாள் ஊறப்போட்டார். ஒன்பதாம் நாள் காலையில் தெருவே வேடிக்கை பார்க்க, வயலில் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி இழுத்தார். உப்பிப்போய்க் கொழகொழவென்றிருந்த ரப்பர் அறுந்து அவர் மூக்கிலேயே பளாரென்று அறைந்தது. கடைசிக் கதிரைக் கொறித்துக்கொண்டிருந்த கிளி அதை முடித்துவிட்டு நிதானமாகப் பறந்து போனது.

தெரு சிரித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை. பரணிலிருந்து டால்டா டின்னை இறக்கி, உதிர்ந்ததும் மிஞ்சியதுமாகப் பொறுக்கிய கம்பை அதில் போட்டாள். ஒரு வருஷத்துக் கூழ். டின்கூட நிறையவில்லை.

"ரப்பரு சோக்காத்தான் இருந்துச்சு. அதையே கரைச்சுக் குடி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மூக்கில் பிளாஸ்திரியோடு செங்கல்வராயன் அப்பாவுவின் கடையில் நின்றார். "ஆயில்தான் தப்பாப் பூட்ச்சு. வெளக்கெண்ணெ போட்டிருக்கணும்."

நல்லவேளை, நாம் இந்த ரகம் இல்லை என்று மூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் இருங்கள். இவ்வளவு நேரமும் கன்னியம்மாவின் கம்புக்காகக் கவலைப்பட்டீர்களா, இல்லை, கடைசியில் எந்த ரப்பர்தான் நல்லது என்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தீர்களா? இரண்டாவதுதான் என்றால், முதலில் எழுந்து போய் உங்கள் வீட்டு டின்னைப் பரணிலிருந்து இறக்குங்கள். கிளி வந்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.